ஒழுகாத இணைப்பு: ஆர்.ஓ. டியூபும் புஷ் கனெக்டரும் பழகுவோருக்கு

வட சென்னையில் ஆர்.ஓ. சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: "நேத்துதானே மாட்டிட்டுப் போனீங்க, இன்னிக்கு ஒழுகுதே?" உடனே பையைத் திறந்து பழைய புஷ் கனெக்டரை, அதாவது டியூபைத் தள்ளினாலே கவ்விக்கொள்ளும் இணைப்பை, கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அதுவும் ஒழுகுகிறது. அப்புறம் "இப்போ வர்ற கனெக்டரே மட்டம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மட்டமான கனெக்டர் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒழுகும் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் குறை கனெக்டரில் இருக்காது, அதற்குள் போகும் டியூபின் கடைசி ஒரு அங்குலத்தில்தான் இருக்கும். அந்த ஒரு அங்குலத்தை எப்படி வெட்டுவது, எப்படிச் செருகுவது, செருகிய பிறகு எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பழகிவிட்டால், இருக்கிற கனெக்டர்களையே வைத்துப் பல வருடம் ஒழுகாத இணைப்பு கொடுக்கலாம். ஆர்.ஓ. வேலைக்கு வருபவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். வியாசர்பாடி, மாதவரம், மணலிப் பட்டறைகளில் ஏர் லைன் (அழுத்தக் காற்று போகும் குழாய்) இழுப்பவர்களுக்கும், கொளத்தூரில் மீன் தொட்டி மாட்டிக் கொடுப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது

முதலில் ஒரு பழைய புஷ் கனெக்டரை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பிரிக்க வராவிட்டால் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். எத்தனை வீடியோ பார்த்தாலும் இந்தப் பாடம் கிடைக்காது.

வெளியே தெரிவது உடல். வாயில் லேசாக உள்ளே வெளியே அசையும் வளையத்துக்கு காலெட் என்று பெயர். காலெட்டின் உள்பக்கம் சின்னச் சின்ன எஃகுப் பற்கள் இருக்கும். அதற்குப் பின்னால் ஓ-ரிங் எனும் ஒரு ரப்பர் வளையம். அதற்கும் பின்னால், டியூப் போய் முட்டி நிற்க ஒரு படி.

இதில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. டியூபைப் பிடித்து வைப்பது காலெட்டின் பற்கள். தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங். பற்களுக்கும் தண்ணீர் தடுப்பதற்கும் சம்பந்தம் கிடையாது, ஓ-ரிங்குக்கும் பிடிமானத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, அதனால் இணைப்பு சரி என்று நினைப்பது இங்கேதான் தவறிப் போகிறது. பற்கள் நன்றாகக் கவ்வியிருக்கும், ஆனால் டியூப் ஓ-ரிங்கைத் தாண்டியே போயிருக்காது. அல்லது ஓ-ரிங் படும் இடத்தில் டியூபில் ஒரு கீறல் இருக்கும். இழுத்தால் வராது, தண்ணீர் மட்டும் வரும்.

காலெட்டின் வெளிப்பக்கமும் உடலின் உள்பக்கமும் சரிவாக இருப்பதைக் கவனியுங்கள். டியூபை வெளியே இழுத்தால் காலெட்டும் கூடவே கொஞ்சம் வெளியே வரும். வரும்போது அந்தச் சரிவு பற்களை உள்நோக்கி நெருக்கும். சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவது மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறினாலும் டியூபை வெளியே தள்ளப் பார்க்கும், அதனால் பிடி இன்னும் இறுகும். காலெட்டை உள்ளே அழுத்தினால் சரிவு விலகிப் பற்கள் விடும். கழற்றும்போது நாம் செய்வது அதைத்தான். கழற்ற நினைக்காதபோதும் ஏதாவது ஒன்று காலெட்டை அழுத்திவிட்டால் டியூப் விட்டுப் போகும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

அளவு: 6 வேறு, கால் இன்ச் வேறு

புஷ் கனெக்டரில் அளவு என்றால் டியூபின் வெளி விட்டம். ஹோஸ் நிப்பிளில், அதாவது குழாய்க்குள் நுழையும் முனையில், மாட்டும் குழாய்க்குத்தான் உள் விட்டம் பார்ப்பார்கள். கடையில் "கால் இன்ச்" என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆர்.ஓ. டியூப் என்று சொல்லிக் கேளுங்கள்.

கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. ஏர் லைனுக்கு வரும் டியூப் 6 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். 6 மி.மீ. டியூபைக் கால் இன்ச் கனெக்டரில் செருகினால் சுலபமாகப் போகும், பற்களும் கவ்வும், ஆனால் ஓ-ரிங் சரியாக அமுங்காது. மேல்தொட்டித் தண்ணீருக்கு ஒருவேளை தாங்கும், பம்ப் ஓடினால் துளி விழும். தலைகீழாக, கால் இன்ச் டியூபை 6 மி.மீ. கனெக்டரில் பலமாகத் திணித்தால் ஓ-ரிங் கிழியும் அல்லது இடம் பெயரும். பக்கத்துப் பட்டறையில் மிச்சமிருந்த டியூபை வாங்கி வந்து வீட்டு ஆர்.ஓ.வில் போடும் பழக்கம் வியாசர்பாடிப் பக்கம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் அது குடிநீருக்கான டியூப் இல்லை.

3/8 இன்ச் என்பது 9.5 மி.மீ.; அதையும் 10 மி.மீ.யையும் கலக்கக் கூடாது. 5/16 இன்ச் 7.94 மி.மீ. வருகிறது, 8 மி.மீ. கனெக்டரோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகும் ஜோடி என்று இதை மட்டும்தான் புதியவர்கள் நம்பலாம். விட்டம் அளக்க ஒரு வெர்னியர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல டியூபில் அளவும், தாங்கும் அழுத்தமும் வரிசையாக அச்சடித்திருக்கும். அச்சே இல்லாத டியூபை நான் வாங்குவதில்லை.

டியூபின் குணமும் முக்கியம். ஆர்.ஓ.வுக்கு வருவது எல்.எல்.டி.பி.ஈ. எனும் பாலிஎத்திலீன் வகை, ஓரளவு விறைப்பாக இருக்கும். ஏர் லைனில் பி.யூ. (பாலியூரிதேன்) டியூப், அதைவிட வளையும். இரண்டும் புஷ் கனெக்டருக்கு ஏற்றவை. கொளத்தூரில் மீன் தொட்டிக்கு விற்கும் மென்மையான பி.வி.சி. டியூபும் சிலிக்கான் டியூபும் அப்படி இல்லை. ஓ-ரிங் அழுத்தியதும் அவற்றின் சுவர் உள்பக்கம் குழிந்துவிடும், பற்களுக்கும் பிடிமானம் கிடைக்காது. அவற்றுக்கு ஹோஸ் நிப்பிளும் கிளிப்பும்தான் முறை. கட்டாயம் புஷ் கனெக்டரில்தான் போக வேண்டும் என்றால், டியூபின் வாய்க்குள் விறைப்பாக ஒரு சின்னக் குழலைச் செருகிவிட்டு மாட்ட வேண்டும். இன்சர்ட் என்று கேட்டால் சில கடைகளில் கிடைக்கும், டியூபின் உள் விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். மீன் தொட்டிக்காரர்களுக்கு இன்னொன்று: ஏர் பம்ப் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் நடுவில் ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகவே பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

வெட்டுவது

இந்த வேலையில் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் டியூப் கட்டர். கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் நசுங்கி வாய் நீள்வட்டமாகிவிடும். ஹேக்ஸாவால் அறுத்தால் பிசிறு நிற்கும். கட்டிங் பிளேயரால் வெட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாய் கூரை மாதிரிக் கூராகிவிடும். கட்டரின் பிளேடு மழுங்கினால் அதுவும் நசுக்கத்தான் செய்யும், அதனால் மாற்று பிளேடும் கையில் இருக்கட்டும்.

சுருளிலிருந்து எடுத்த டியூப் வளைந்தே இருக்கும். வெட்டும் முன் கடைசி நாலு விரல் நீளத்தை எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்குங்கள். முரண்டு பிடித்தால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து நேராக்கலாம். வளைந்த முனையைச் செருகினால் அது ஓ-ரிங்கை ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், எதிர்ப்பக்கம் இடைவெளி விடும்.

கட்டரில் டியூபை நெட்டாக வைத்து ஒரே அமுக்கில் வெட்டுங்கள். வெட்டிய வாயை நேராகப் பாருங்கள். வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் நீண்டிருக்கிறதா என்று தெரியும். சாய்வாக இருந்தால் தயங்காமல் மறுபடி வெட்டுங்கள். அப்புறம் நகத்தால் வாயைச் சுற்றித் தடவுங்கள். பிசிறு தட்டினால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் செருகும்போது ஓ-ரிங்கைக் கீறும். வெட்டிய துணுக்கு டியூபுக்குள் விழாமலும் பார்க்க வேண்டும். ஆர்.ஓ.வில் எஃப்.ஆர். என்று ஒரு சின்ன உருளை இருக்கிறதே, கழிவு நீரைக் கட்டுப்படுத்துவது, அதன் துளை மிக நுண்ணியது. ஒரு பிளாஸ்டிக் துணுக்கு போய் அடைத்தால் கழிவு நீர் வெளியேறாது, உப்பெல்லாம் அதை வடிகட்டும் மெம்பிரேனிலேயே படியும்.

பின்பு முனையிலிருந்து ஒரு அங்குலத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். குறுக்குக் கீறலை ஓ-ரிங் ஓரளவு மூடிவிடும். நீளக் கீறலோ ஓ-ரிங்குக்கு அடியில் ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும், தண்ணீர் அதன் வழியே வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே ஒரு முறை மாட்டிக் கழற்றிய முனையில் பற்கள் போட்ட கோடுகள் இப்படித்தான் இருக்கும். அதனால் கழற்றிய டியூபை மறுபடி மாட்டும்போதெல்லாம் முனையில் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மாட்டுவதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் பத்தாது என்றால் புதிய டியூப் போடுங்கள். டியூப் மலிவு. ஒழுகி ஊறிப்போன சமையலறை மரப்பலகை மலிவில்லை.

செருகுவது

கையில் இருக்கும் கனெக்டரின் ஆழம் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு துண்டு டியூபை முட்டும்வரை செருகி, வாயோரத்தில் மார்க்கரால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்து பாருங்கள். கால் இன்ச் கனெக்டர்களில் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. வரும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அந்தத் துண்டைப் பையிலேயே வைத்துக்கொண்டால் அதுவே அளவுகோல். ஒவ்வொரு முனையிலும் செருகும் முன் அந்த ஆழத்துக்குக் கோடு போடுங்கள்.

முனையைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, திருகாமல் நேராகத் தள்ளுங்கள். முதலில் ஒரு இடத்தில் நிற்கும். அது பற்களைத் தாண்டி ஓ-ரிங்கில் முட்டும் இடம். புதியவர்கள் நிறுத்துவது இங்கேதான். இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினால் ஒரு சின்ன நெகிழ்வோடு உள்ளே வழுக்கிப் போய்க் கெட்டியாக முட்டும். அதுதான் கடைசிப் படி. மார்க்கர் கோடு காலெட் வாயோடு ஒட்டியிருந்தால் முழுதும் போய்விட்டது என்று அர்த்தம். கோடு நாலைந்து மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் இன்னும் தள்ள வேண்டும்.

இப்போது டியூபைப் பின்னால் இழுங்கள். லேசாக ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியே வந்து நிற்கும். காலெட் இறுகிய அடையாளம் அது. காலெட்டின் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு சந்து திறந்திருக்கும், அந்தச் சந்தில்தான் சி வடிவ லாக் கிளிப் போய் உட்கார வேண்டும். இழுக்காமல் கிளிப்பைப் போட்டால் சரியாக உட்காராது.

ஆர்.ஓ. பெட்டிக்குப் பெட்டி இந்தக் கிளிப் இல்லாமலேயே வேலை முடித்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. காலெட்டை உள்ளே அழுத்தினால் டியூப் விட்டுவிடும் என்று மேலே சொன்னேன். பம்ப் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறி இறங்கும், டியூப் துளி முன்னும் பின்னும் அசையும். பெட்டியின் மூடியைச் சாத்தும்போது உள்ளே திணித்த டியூப் காலெட்டைத் தள்ளும். எல்போவின் (முழங்கை மாதிரி வளைந்த கனெக்டர்) வாய் பெட்டிச் சுவரைப் பார்த்து இருந்தால் சுவரே அழுத்தும். கிளிப் இருந்தால் இந்த மூன்றுமே பலிக்காது. ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய இணைப்புகளை மேம்படுத்த இதைவிடச் சுலபமான வழியும் கிடையாது: டியூபைக் கழற்றக்கூட வேண்டாம், இழுத்து, கிளிப்பை அமுக்கினால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் போட நேரமில்லை என்றால் பம்ப்பிலிருந்து மெம்பிரேன் வரை, அங்கிருந்து எஃப்.ஆர். வரை உள்ள இணைப்புகளுக்காவது போடுங்கள். முழு அழுத்தமும் அங்கேதான்.

பக்க இழுப்பு

மாட்டும்போது சரியாக இருந்து, ஒரு மாதம் கழித்து ஒழுகத் தொடங்கும் இணைப்புகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கனெக்டரிலிருந்து வெளிவந்தவுடனே டியூபை மடக்கினால் அது ஓ-ரிங்கை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டே இருக்கும். ரப்பர் ஒரே பக்கம் நாள் முழுக்க அமுங்கிக் கிடந்தால் மெல்ல அப்படியே தட்டையாகிவிடும், எதிர்ப்பக்கம் பிடிப்பு குறையும்.

வாயிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலமாவது டியூப் நேராக வர வேண்டும், அப்புறம்தான் வளைவு. இடமில்லை என்றால் நேர் கனெக்டரை எடுத்துவிட்டு எல்போ போடுங்கள். நீளத்தை இறுக்கமாக வெட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். அதிகமாக விட்டாலும் மூடி சாத்தும்போது மடிந்துவிடும். வளைவு குழாய் மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும், மடிந்த இடம் வெள்ளையாக வெளுத்துவிட்டால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும், பிற்பாடு அங்கேதான் வெடிக்கும்.

பம்ப் அதிரும். அதன் இரண்டு பக்க டியூபையும் பெட்டியின் உடலில் ஓரிடத்தில் கேபிள் டையால் கட்டிவிட்டால் அதிர்வு கனெக்டருக்குப் போகாது. டையை டியூப் நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். வெளியே இருக்கும் ப்ரீ ஃபில்டரிலிருந்து பெட்டிக்கு வரும் டியூப் சும்மா தொங்கினால், பாத்திரம் எடுக்கும்போது கை பட்டு இழுபடும். சுவரோரமாக கிளிப் அடித்துக் கொண்டுவாருங்கள்.

மரை பக்கம்

பல கனெக்டர்களில் ஒரு பக்கம் டியூப், மறு பக்கம் மரை. மெம்பிரேன் ஹவுசிங், ஃபில்டர் பவுல் இவற்றில் மாட்டுவது அப்படி. மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் மூன்று நாலு சுற்று சுற்றுங்கள். எதிர்ச்சுற்று சுற்றினால் திருகும்போது அவிழ்ந்துவிடும். முதல் மரையை விட்டுச் சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போகாது. பிளாஸ்டிக்கைக் கையால் திருகி, அப்புறம் ஸ்பானரில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். அதிகம் இறுக்கினால் ஹவுசிங்கில் மயிரிழை விரிசல் விழும், அது பம்ப் ஓடும்போது மட்டும்தான் காட்டும். மரையின் அடியில் ஏற்கெனவே ஓ-ரிங் இருந்தால் டேப் தேவையில்லை.

ஒழுகும் இடத்தில் பி.வி.சி. சொல்யூஷனோ எம்-சீல் மாதிரிப் பசையோ பூசுவதை எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுங்கள். பாலிஎத்திலீன் டியூபில் சாதாரணப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. கனெக்டர் பிளாஸ்டிக்கைச் சில பசைகள் விரிசல் விட வைக்கும். வெட்டி மறுபடி மாட்டுவதே வேலை.

சோதிப்பது

மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒழுகவில்லை என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. தண்ணீர் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அதாவது 14.5 பி.எஸ்.ஐ. தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் தரைத்தளச் சமையலறையில் அதில் பாதி, முக்கால்தான் வரும். பூஸ்டர் பம்ப்போ 60 பி.எஸ்.ஐ.க்கு மேலே தள்ளும். பம்ப்பை ஓட விட்டு, கால் மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் முதலில் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு டிஷ்யூ பேப்பரால் சுற்றிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைப் பேப்பர் காட்டிக் கொடுக்கும். பம்ப்பை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் நமக்கு இன்னொரு சாட்சி உண்டு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்பது ஐ.எஸ். 10500 எனும் இந்தியக் குடிநீர்த் தரம். வட சென்னையில் பல தெருக்களின் போர் தண்ணீர் இதில் மேல் பாதியில் இருக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட தண்ணீர் மிக மெதுவாகக் கசிந்தால் துளியாக விழாது, வாயிலேயே காய்ந்து வெள்ளை வளையமாக உப்பை விட்டுவிட்டுப் போகும். டார்ச் அடித்துப் பாருங்கள். காலெட் வாயில் வெள்ளை வளையம் இருந்தால் ஓ-ரிங் கசிவு. மரையோரம் இருந்தால் டேப் கசிவு. உடலின் நடுவில் ஒரு கோடாக இருந்தால் விரிசல். எதைத் தொட வேண்டும் என்று உப்பே சொல்லிவிடும். மெம்பிரேனுக்கு அப்பால் நல்ல தண்ணீர் போகும் பக்கத்தில் உப்பு குறைவு, அங்கே இந்த அடையாளத்தை நம்ப முடியாது. பேப்பர்தான்.

ஓ-ரிங்

நல்ல தரமான தண்ணீர்க் கனெக்டர்களில் ஈ.பி.டி.எம். அல்லது நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் வரும். ஈ.பி.டி.எம். குளோரின் கலந்த தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சுலபமாக வழுக்கட்டும் என்று வாசலின் தடவுவது அதனால்தான் தப்பு. தண்ணீரே போதும், வேண்டுமானால் உணவுத் தர சிலிக்கான் கிரீஸ். பட்டறை ஏர் லைனில் காற்றோடு எண்ணெய்யும் வரும், அங்கே நைட்ரைல்தான் சரி. ஆர்.ஓ. கனெக்டரை ஏர் லைனில் மாட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓ-ரிங்கை மாற்றும்போது பழையதை ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங்கும் நிற்காது. மழுங்கிய பிளாஸ்டிக் குச்சி போதும். பள்ளத்தில் படிந்திருக்கும் மண்ணையும் துருப் பழுப்பையும் கழுவிவிட்டு மாட்டுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் நுண்மணல் இங்கே வந்து சேரும்.

கழற்றுவது

தண்ணீர் வரும் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வடிய விட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்வரை பற்கள் இறுகியே இருக்கும், இழுத்தால் டியூப்தான் கீறும். கிளிப்பை எடுத்து, டியூபை முதலில் உள்ளே தள்ளி, காலெட்டை இரண்டு பக்கமும் சமமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வராது.

ஏர் லைனில் இது உயிர் விஷயம். 6 பார் காற்று இருக்கும்போது கழன்ற டியூப் சாட்டை மாதிரி அடிக்கும், கண் போன சம்பவங்கள் இந்தத் தொழிலில் உண்டு. வால்வை மூடி, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் தொட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஏர் கசிவைப் பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். வேலை முடிந்த பிறகு எல்லா மெஷினையும் நிறுத்தி, டேங்கில் காற்றேற்றி, அரை மணி கழித்து கேஜைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது, அதற்குக் கரண்ட் பில்லும் ஏறுகிறது.

வெயில், கடல் காற்று, எலி

மொட்டை மாடியில் போகும் டியூபுக்கு வெள்ளை வேண்டாம். வெயிலில் உடையத் தொடங்கும், வெளிச்சம் உள்ளே போனால் பாசியும் பிடிக்கும். கறுப்பு டியூப் போடுங்கள், அல்லது பி.வி.சி. பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள், எலியும் சுலபமாகக் கடிக்காது. சூடு ஏற ஏற டியூபும் கனெக்டரும் தாங்கும் அழுத்தம் குறையும், அதனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஓடும் ஏர் லைனுக்கு எழுதியிருக்கும் அழுத்தத்தின் விளிம்பு வரை போகாதீர்கள். கெய்சரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயில் இந்தக் கனெக்டர்களை மாட்டவே கூடாது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோர வீடுகளில் மட்டமான கனெக்டரின் பற்கள் துருப்பிடிப்பதைப் பார்க்கலாம், அங்கே எவர்சில்வர்ப் பல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் மொத்தமாக வாங்கும்போது ஒன்றிரண்டை அங்கேயே ஒரு துண்டு டியூபோடு செருகி, இழுத்து, கழற்றிப் பாருங்கள். காலெட் மூன்று முறையும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

கடைசியாக, பெட்டிக்குத் தண்ணீர் வரும் சின்ன வால்வை ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். உப்பு பிடித்து இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவையோ ஐயாவையோ கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே அதைத் திருப்ப வைத்து, "ஊருக்குப் போறப்போ இதை மூடிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.